முகத்துக்கு என்ன விலை?

வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் உங்களுக்கு வேறு ஜோலி இல்லையென்றால், என்னோடு மேலப்பாளையம் சந்தைக்கு வாருங்கள். வளையல் கடையும் ரிப்பன் கடையும் இருக்கும் என்று நம்பி வந்துவிட்டு, அப்புறம் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. அங்கே விலைக்கு வருபவை ஆடுகள்! திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து புறப்பட்டு, 1843ஆம் வருஷம் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலத்தின் மேல் தாமிரபரணியைக் கடந்து, கொக்கிரகுளம் வழியாகத் தெற்கே போக வேண்டும். வழி தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பக்ரீத்துக்கோ தீபாவளிக்கோ முந்திய செவ்வாயாக இருந்தால், ஆடுகள் போடும் சத்தமே வழி காட்டிவிடும்.

நான் அங்கே போவது ஆடு வாங்க அல்ல, படம் பிடிக்க. "சந்தையிலே படம் பிடிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறீர்களா? முகங்கள் இருக்கின்றன. முதலில் ஆடுகளின் முகத்தைச் சொல்கிறேன். நம்முடைய பட்டணத்துக் கண்ணுக்கு ஆடு என்றால் ஆடுதான். சந்தைக்காரர்களுக்கு அப்படியல்ல. கறுப்பு ஆட்டின் முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடினால் அது பால்கன்னி. அதே கோடுகள் செம்மை நிறமாயிருந்தால் செங்கன்னி. கழுத்தும் காலும் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தால் கொடியாடு. வெள்ளை உடம்பில் செம்புள்ளிகள் சிதறிக் கிடந்தால் வேம்பூர்ச் செம்மறி. வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசைச் சொல்லிவிடுவார்கள். முதுகெலும்பை விரலால் அழுத்தி, ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்து எடையையும் சொல்லிவிடுவார்கள்.

விலை பேசுவது மட்டும் பரம ரகசியம். தரகர் தோளில் கிடக்கும் துண்டு இரண்டு கைகளின் மேல் விழும். அதற்குள்ளே விரல்கள் பேசிக்கொள்ளும். பத்திரிகைக்காரிக்கு அந்தத் துண்டை விலக்கிப் பார்க்க ஆசை வரத்தான் செய்கிறது. ஆனால் அது இரண்டு பேருக்கு மட்டும் தெரிய வேண்டிய சமாசாரம். முகங்களைப் பார்த்தால் போதும். ஒரு முகத்தில், "இவ்வளவுதானா?" என்று எழுதியிருக்கும். மற்ற முகத்தில் ஒன்றுமே எழுதியிராது. அவர்தான் வியாபாரத்தில் கெட்டிக்காரர்!

உங்கள் கையிலே காமிரா இல்லாவிட்டாலும் செல்போன் இருக்குமல்லவா? அதற்காக ஒரு வார்த்தை. பொழுது விடிந்த கையோடு போய்விடுங்கள். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் தலைப்பாகை கட்டியவர்களின் கண்களெல்லாம் நிழலில் மறைந்துபோகும். மரத்தடியாகப் பார்த்து, நிழலின் ஓரத்தில் நிற்கச் சொல்லி, செல்போனில் அவர் முகத்தின் மேல் விரலை வைத்துவிட்டு எடுங்கள். முகம் தெளிவாக விழும். தூரத்தில் நின்று பருந்து போலக் கொத்திக்கொண்டு ஓட வேண்டாம். நாலு எட்டுக் கிட்டே போய், "ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள்.

நான் அப்படித்தான் கயிறு விற்கும் ஓர் ஆச்சியிடம் கேட்டேன். ஆட்டுக் கயிறும் கழுத்து மணியும் பரப்பி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும் நேரத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கும்மா போட்டோ பிடிக்கே?"

"பத்திரிகையிலே போடுவதற்கு, ஆச்சி."

"உன்னய மாதிரி எத்தனையோ பேரு வந்து எடுத்துட்டுப் போயிட்டாவ. அம்புட்டுப் பேரும் 'அனுப்பி வைக்கேன் ஆச்சி'ன்னு சொல்லிட்டுத்தான் போனாவ. எங்கே அனுப்புவாவ? எம் பேரைக் கேட்டாத்தானே அனுப்புறதுக்கு!"

பிறகு ஆச்சியே சொன்னார். கணவர் காலமானபோது மாலை போடுவதற்கு வீட்டில் ஒரு படம் இல்லையாம். ரேஷன் கார்டிலிருந்த படத்தைப் பெரிசாக்கி மாட்டினார்களாம். "அது யாரோ மாதிரி இருக்கு தாயி. தெனமும் யாரோ ஒரு மனுசனுக்குப் பூ வைக்கேன். எனக்காவது ஒழுங்கா ஒண்ணு எடுத்துத் தா" என்றார்.

என் மனத்திலே, கயிறு திரிக்கும் அந்தக் கைகளைத்தான் எடுக்க வேண்டும் என்றிருந்தது. ஆச்சியோ கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். தலைமுடியை அள்ளி முடிந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்தினார். முகத்தைப் போலீஸ் விசாரணைக்கு வந்தவர் போல வைத்துக்கொண்டார்.

"கயிற்றோடு இருந்தால் அழகாயிருக்குமே, ஆச்சி!"

"நல்லாயிருக்கே! நடு வீட்டுல, எங்க வீட்டு ஆளு பக்கத்துல மாட்டுறதுக்குக் கயித்தோட ஒரு படமா?"

நீங்களே சொல்லுங்கள், இதற்கு என்ன பதில் சொல்வது? முதலில் அவர் சொன்னபடி ஒன்று எடுத்தேன். பிறகு கயிற்றைக் கையில் எடுக்கச் சொல்லி, எனக்கென்று ஒன்று எடுத்துக்கொண்டேன். பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன். "பத்திரிகையிலே பேரு போட வேண்டாம். எம் படத்துக்குப் பின்னால எழுதித் தா" என்று உத்தரவாயிற்று. ஆகவே அந்தப் பெயரை உங்களிடம்கூடச் சொல்வதற்கில்லை.

பெயரைக் கேட்காமல் படத்தை மட்டும் கொண்டுபோகும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1868 முதல் 1875 வரை, 'இந்திய மக்கள்' என்று எட்டுப் பாகங்களில் ஒரு புகைப்பட நூலை வெள்ளைக்கார சர்க்கார் வெளியிட்டது. அதிலே பெரும்பாலான படங்களுக்குக் கீழே சாதியின் பெயரோ கூட்டத்தின் பெயரோதான் இருக்கும். ஆளின் பெயர் இராது.

மத்திய ஆசியாவிலும் இதே கதைதான். செர்கேய் புரோகுடின்-கோர்ஸ்கி என்ற ரஷ்யர், 1905க்கும் 1915க்கும் இடையில் சாமர்கண்ட் நகரத்துக் கடைத்தெருவை வண்ணத்திலேயே படம் பிடித்தார். நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று கண்ணாடிகளின் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தடவை எடுக்க வேண்டும். நடுவிலே ஆள் அசைந்தால் வர்ணம் விலகிவிடும். ஆகையால் கேட்காமல் எடுத்திருக்க முடியாது. "அப்படியே இருங்கள்" என்று சொல்லித்தான் எடுத்திருப்பார். அங்கே ஒரு முலாம்பழக்காரர் அவருக்காக ஆடாமல் அசையாமல் இருந்திருக்கிறார். பக்கத்து ராஜ்யமான புகாராவின் அமீர் ஆலிம் கானும் 1911இல் நீலப் பட்டங்கி அணிந்து அப்படியே வீற்றிருந்தார். 1920இல் அமீருக்கு ராஜ்யம் போயிற்று. ஆனாலும் படத்தின் கீழே பெயர் இருக்கிறது. முலாம்பழக்காரருக்கோ, 'முலாம்பழ வியாபாரி, சாமர்கண்ட்' என்பதோடு சரி. 1948இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் விலைக்கு வாங்கிய அந்தப் படங்களை இன்று உலகமே பார்க்கிறது. முலாம்பழக்காரர் பார்த்தாரா என்று சொல்ல மட்டும் யாரும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆச்சியின் படங்களைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு படத்துக்கு இரண்டு டீயின் விலைகூட ஆகவில்லை. ஆச்சி முதல் படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். "மூக்குத்தி விழுந்திருக்கு" என்றார். அவ்வளவுதான் பாராட்டு! அடுத்த படத்தைப் பார்த்தார். "இதுல கெழவியால்லா இருக்கேன்? சரி, கயிறு நல்லா விழுந்திருக்கு. நீ போட்டுக்கோ" என்று அனுமதி கொடுத்தார்.

அதற்குள் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. தரகர் அண்ணாச்சி சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். டீக் கடைக்காரர் தலையை வாரிக்கொண்டு வந்தார். அவர்களுக்குப் பின்னால், தகப்பனாரோடு ஆடு விற்க வந்திருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் தயங்கித் தயங்கி நின்றான். அவனுக்குத் தன் படம் வேண்டாமாம். "எங்க செங்கன்னிய மட்டும் எடுத்துத் தாங்க அக்கா" என்றான். குட்டியிலிருந்து அவன் வளர்த்த ஆடு அது. நான் எடுத்து முடித்தபோது தரகரின் துண்டு கைகளின் மேல் விழுந்துவிட்டது. பையன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. காமிராவிலே ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் படத்தை ஆச்சியின் கடையில் கொடுத்து வைத்தேன். மறு வாரம் வந்து வாங்கிக்கொண்டு போனானாம். எந்தப் பத்திரிகையிலும் அது வராது.

உங்கள் தெருவுக்கும் கீரைக்கார அம்மா வருகிறாள், பூக்காரி வருகிறாள். அவர்களை எடுத்த படம் உங்கள் செல்போனில் எங்கேயாவது இருக்கும். இன்றைக்கே ஒன்றைக் காகிதத்தில் எடுத்துவிடுங்கள். நாளைக் காலை அவள் கூடையை இறக்கும்போது பெயரைக் கேளுங்கள். அதைப் பின்புறத்தில் எழுதி அவள் கையிலே கொடுங்கள். மூக்குத்தி விழவில்லை என்று அவள் குறை சொன்னால், சளைக்காமல் இன்னொன்று எடுத்துக் கொடுங்கள்!