அம்மாவின் பன்னீர் ரோஜா

இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். “எதைப் பற்றி எழுதட்டும்?” என்றேன். “உனக்கு நன்றாகத் தெரிந்ததைப் பற்றி எழுது” என்றார். “ரோஜாச் செடியைப் பற்றி எழுதுகிறேன்” என்றதும் சிரித்துவிட்டார். பொருளாதாரம் படிக்கிறவனுக்கும் ரோஜாச் செடிக்கும் என்ன உறவு என்று அவர் நினைத்திருக்கலாம். உறவு உண்டு. அந்த உறவில் ஒரு பொய்யும் உண்டு. அதை இறக்கி வைக்கவே இக்கட்டுரை.

என் ஊர் லால்குடிக்கு அருகே ஒரு சிற்றூர். எங்கள் வீட்டுக் கொல்லையில் துவைகல்லை ஒட்டி ஒரு பன்னீர் ரோஜாச் செடி நின்றது. பாட்டி வைத்த செடி. அதற்கென்று தனியாக யாரும் பாடுபட்டதில்லை. அரிசி கழுவிய நீர் பாயும். எப்போதாவது ஒரு கூடை மக்கிய சாணம் விழும். பூ பெரியதன்று. இளஞ்சிவப்பு நிறம். காலையில் மலர்ந்தால் மாலைக்குள் இதழ் உதிரத் தொடங்கிவிடும். நீண்ட காம்போடு கண்ணாடித் தாளில் சுற்றி விற்கிறார்களே, அந்த ரோஜாவின் பக்கத்தில் வைத்தால் கல்யாண வீட்டுக்கு வந்த ஏழை உறவினர் போலத் தோன்றும். ஆனால் அதன் மணம் கொல்லையிலிருந்து கூடம் வரை வரும். முதற் பூ சாமி படத்திற்கு. அடுத்தது அம்மாவின் தலைக்கு. நான் அறிந்த நாள் முதல் அதுவே வழக்கம்.

2022-ஆம் ஆண்டு மே மாதம் பாகப் பிரிவினையில் அந்த வீடு விற்கப்பட்டது. வாங்கியவர் கொல்லையில் கடை கட்டப் போவதாகச் சொன்னார். பத்திரம் பதிவான அன்று அம்மா அழவில்லை. வீட்டைக் காலி செய்த அன்று அரிவாளை எடுத்துப் போய் ஆறு குச்சிகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி என்னிடம் கொடுத்தார். “நாங்க போற வீட்ல ஒரு பிடி மண்ணு கிடையாது. நீ இருக்கிற வீட்லதான் தோட்டம் இருக்குன்னு சொன்னியே. நட்டுப் பாரு, தம்பி” என்றார்.

ரயிலில் இரண்டு இரவுகள். தில்லியில் இறங்கியபோது அனற்காற்று வீசிக்கொண்டிருந்தது. வந்த களைப்பில் சாக்கை அவிழ்க்காமல் ஒரு நாள் போட்டுவிட்டேன். மறுநாள் ஆறு குச்சிகளையும் ஒரே தொட்டியில் நட்டு, மொட்டை மாடியில் வைத்து, பாசத்தின் மிகுதியால் வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றினேன். மேலே வெயில் காய்ச்சியது. கீழே ஈரம் அழுக்கியது. மூன்றே வாரத்தில் ஆறும் கறுத்துப் போயின.

அம்மா தொலைபேசியில், “குச்சி துளிர்த்துச்சா?” என்று கேட்டார். “துளிர்த்துச்சும்மா” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. வீடு போன துயரத்தோடு இதுவும் சேர வேண்டாம் என்று அன்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் கவனக்குறைவை ஒப்புக்கொள்ள எனக்கு நாணமாக இருந்தது. அதன் பிறகு வாரந்தோறும் அந்தச் செடியை நான் பொய்யாலேயே வளர்த்தேன். “நாலு இலை விட்டிருக்கு”, “முழ உயரம் ஆயிடுச்சு” என்று அது வளர்ந்துகொண்டே போயிற்று.

நான் குடியிருக்கும் மாடி அறைக்குச் சொந்தக்காரர், பணியிலிருந்து ஓய்வு பெற்ற பஞ்சாபிப் பெரியவர். அவருடைய முன்தோட்டத்தில் இருபது ரோஜாச் செடிகள் வரிசையாக நிற்கும். எல்லாம் பெரிய பூப் பூக்கும் புது வகைகள். அக்டோபர் நடுவில் அவற்றைக் கவாத்து செய்வார். டிசம்பரில் பூக்கும். முதுகு வலியால் அவரால் குனிய முடியாது; ஆகவே கத்தரியை என்னிடம் கொடுத்தார். வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும் என்று கற்பித்தார். ஒட்டுக்குக் கீழே வேரிலிருந்து கிளம்பும் துளிரைக் காட்டி, “இது ஜங்லி. விட்டால் மேலே உள்ளதைத் தின்றுவிடும். பிடுங்கி எறி” என்றார். இலையை எண்ணிப் பார்த்தால் காட்டுத் துளிரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். அது எப்போதும் ஒத்து வராது. எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பார்ப்பதே சரி. நானும் விலக்கிப் பார்த்து, ஊக்கத்தோடு பிடுங்கி எறிந்தேன்.

பின்பக்கச் சுவரோரம் ஒரு செடி மட்டும் எங்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அதன் மேல் ஒட்டு முந்திய கோடையிலேயே பட்டுப் போயிருந்தது. வேரிலிருந்து எழுந்த கிளைகள் தம் விருப்பம் போல் வளர்ந்தன. 2023 பிப்ரவரியில் ஒரு காலை, துணி உலர்த்தப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் கொல்லையின் மணம் வந்தது. தேடிப் பார்த்தேன். சுவரோரத்தில் ஐந்தாறு இளஞ்சிவப்புப் பூக்கள். அம்மாவின் பன்னீர் ரோஜா!

பெரியவரைக் கேட்டேன். “அது எட்வர்டு. ஒட்டுக் கட்டுவதற்கு அடிச்செடியாக வைப்பார்கள்” என்று அலட்சியமாகச் சொன்னார். நம் ஊர்ப் பூச்சந்தையிலும் பன்னீர் ரோஜாவுக்கு எட்வர்டு என்ற பெயர் உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் ஜங்லி என்று பிடுங்கி எறிந்தவை எவை என்றும் விளங்கிற்று.

உடனே என்ன செய்தேன் தெரியுமா? உண்மையைச் சொல்லவில்லை. செடியைப் படமெடுத்து, “பூத்துடுச்சும்மா” என்று எழுதி அனுப்பினேன். பொய்க்கு ஒரு சாட்சி கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். கால்மணி நேரத்தில் அம்மா அழைத்தார்.

“பூ நம்ம பூதான். ஆனா அடித்தண்டு கட்டைவிரல் கனம் இருக்கே. எட்டு மாசக் குச்சி இப்படிப் பருக்காது, தம்பி. நான் குடுத்தது செத்துப் போச்சா?”

இனி என்ன சொல்ல! எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அம்மா கேட்டது இதுதான்: “இதுக்குக் காலை வெயில் படுதா?”

அதற்குப் பிறகுதான் இந்தச் செடியின் கதையைத் தேடிப் படித்தேன். இந்தியப் பெருங்கடலில் இன்று ரீயூனியன் என வழங்கும் தீவுக்கு அந்நாளில் பூர்பொன் என்று பெயர். அங்கே வேலியாக வைத்திருந்த தமஸ்கு ரோஜாவும் சீன ரோஜாவும் தாமாகக் கலந்து பிறந்தது இந்தக் குலம் என்பர். 1817 வாக்கில் அதனைப் பிரெஞ்சுத் தாவர அறிஞர் ஒருவர் கண்டெடுத்தார். மணம் தமஸ்குவின் வழி; மீண்டும் மீண்டும் பூக்கும் குணம் சீனத்தின் வழி. 1867-இல் பிரான்சில் லா பிரான்சு என்ற ரோஜா வெளிவந்தது. அதற்கு முன் இருந்த குலங்களையே ‘பழந்தோட்ட ரோஜாக்கள்’ என்கிறார்கள். பாட்டியின் துவைகல் ஓரத்துச் செடி அந்தப் பழங்குடியைச் சேர்ந்தது.

இன்னொன்றும் அறிந்தேன். இவ்வகை ரோஜாவை விதை போட்டுப் பெருக்குவதில்லை. குச்சியாலும் பதியத்தாலும் பெருக்குகிறார்கள். ஆகவே தில்லியில் நிற்பதும் லால்குடியில் நின்றதும் ஒரே எட்வர்டு என்றால், அவை ஒரே செடியின் கிளைகளே. ஆயினும் பாட்டியின் கை பட்ட செடி இது என்று என்னால் சொல்ல முடியாது. அது போயிற்று. அதைப் போக்கியவன் நான்.

அவ்வாண்டு ஜூலை மழையில் நீண்ட கிளைகள் இரண்டை வளைத்து, அடிப்பட்டையைச் சிறிது கீறி, மண்ணில் பதித்துக் கல் வைத்தேன். அக்டோபரில் வேர் பிடித்திருந்தன. ஒன்றை முன் வரிசையில் நடுநாயகமாக வைக்க ஆசைப்பட்டேன். பெரியவர் தடுத்தார். அவர் தடுத்தது சரியே. இந்தச் செடி அடக்கமாக நில்லாது. நான்கைந்து அடி அகலம் கேட்கும். நடைபாதையை ஒட்டி வைத்தால் வேட்டியைப் பிடிக்கும். கண்ணுக்குக் காட்ட வேண்டிய செடியும் அன்று. மணத்துக்காக அருகில் போக வேண்டிய செடி. ஆகவே நாள்தோறும் நாம் நிற்கும் இடத்தின் பக்கத்தில், ஆனால் ஒரு கை தொலைவில், நண்பகல் வரை வெயில் படும் இடமே அதற்கு ஏற்றது. சமையலறைச் சன்னலுக்கு வெளியே, குழாயடிக்குச் சற்றுத் தள்ளி, நீர் தேங்காத மேட்டில் ஒன்றரை அடிக் குழி வெட்டினேன். மக்கிய சாணமும், கரையானுக்கு அஞ்சி இரண்டு பிடி வேப்பம்புண்ணாக்கும் இட்டு நட்டேன். ஒட்டுச் செடிகளை வெட்டுவது போல் இதை ஒட்ட வெட்டுவதில்லை. பட்ட கிளைகளை எடுத்து, மற்றவற்றின் நுனியை மட்டும் குறைக்கிறேன். இதற்கு ஒட்டு இல்லை. ஆகவே வேரிலிருந்து எது வந்தாலும் அது இதுவே. பிடுங்கி எறிய ஒன்றுமில்லை.

மற்றொரு பதியனை டிசம்பரில் திருச்சிக்குக் கொண்டு போனேன். இம்முறை வேரோடு மண் கட்டி, இரண்டு நாளும் மடியிலேயே வைத்திருந்தேன். அதற்குள் அம்மா தரைத்தளத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறியிருந்தார். வாசலில் இரண்டடி மண் இருந்தது. அவரே குழி வெட்டினார். என்னைத் தொடவிடவில்லை.

இரு செடிகளும் இன்று பூக்கின்றன. அம்மா இன்னும் வாரந்தோறும் கேட்கிறார்: “செடி எப்படி இருக்கு?” நான் உடனே பதில் சொல்வதில்லை. தொலைபேசியைப் பிடித்தபடியே கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.