தானா கரையிற நூலும் வான் தீவும்

1/ "டாக்டரம்மா, தையல் பிரிக்க எப்ப வரணும்?"
கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்து அக்கா. சிசேரியன் முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்புறாங்க. "பிரிக்க வேண்டாம்க்கா, தானா கரைஞ்சிரும்"னு சொல்லி அனுப்பிட்டேன். சொன்னது பாதிதான். மீதிப் பாதிக்குத்தான் இந்த இழை.

2/ மூணாவது வாரமே தெருக்குழாயில் குடம் தூக்கியிருக்காங்க. தீப்பெட்டி ஆபீஸுக்கும் போயிட்டாங்க. "வலி இல்ல, புண்ணும் காஞ்சிருச்சு, அப்புறம் என்ன?" சில மாசத்தில் தழும்பு பக்கத்தில் புடைப்பு. குடலிறக்கம். சிசேரியன் தழும்பில் இது அரிது. குடம்தான் காரணம்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது. ஆனா நான் எச்சரிச்சிருக்கணும்.

3/ வயித்துக்குள்ள நாங்க அதிகம் போடுறது விக்ரில் வகை நூல். ஒரு பாலிமர். உடம்போட ஈரம் உள்ளே புகுந்து அதன் சங்கிலிகளை அறுக்கும். முழுசா மறைய 56 முதல் 70 நாள் ஆகும். ஆனா பலம் அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிரும்: 2 வாரத்தில் 75%, 3 வாரத்தில் 50%, 4 வாரத்தில் 25% தான் மிச்சம்.

4/ நூல் விட்டுக்கொடுக்கிற வேலையை உங்க சதை ஏத்துக்கணும். ஆறுற தோலுக்கு 3 வாரத்தில் பழைய பலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். 3 மாசம் ஆனாலும் 80% தாண்டாது. ஆக மூணாவது வாரம் நூலும் பாதி, சதையும் அரைகுறை. அந்த அக்கா குடம் தூக்கினது சரியா அப்போதான்.

5/ காஞ்ச கரிசல் கட்டியைத் தண்ணியில் போட்டுப் பாருங்க. கல்கண்டு மாதிரி மேலிருந்து கரையாது. தண்ணி உள்ளே இறங்கி மொத்தமா பொலபொலன்னு உதிரும். இந்த நூலும் அப்படித்தான். பார்க்க முழுசா இருக்கும். உள்ளே பலம் போயிருக்கும். இதே குடும்பத்து பாலிமருக்குள்ள மருந்தை வெச்சுத்தான் புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாசம் ஒரு ஊசி போடுறோம். பாலிமர் சிதையச் சிதைய மருந்து வெளிவரும். இந்த அரிப்புக்கு பயோ எரோஷன்னு பேர்.

6/ கடலுக்குள்ளயும் இதே பேர்தான். நம்ம தூத்துக்குடி கடல்ல கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கும், துளைக்கிற கடற்பஞ்சு உள்ளே குடையும். அது நோய் இல்ல. கொறிச்சதைவிட பவளம் அதிகமா கட்டினா பாறை நிக்கும். கட்டுறது நின்னா, வெளிய முழுசா தெரியுற பாறையே ஒரு பெரிய அலைக்கு ஒடியும்.

7/ மன்னார் வளைகுடாவில் 2016 வெப்பத்துக்கு முன்னாடி உயிருள்ள பவளம் சுமார் 39%. பிறகு 23%. அதுக்கும் முன்னாடி சுண்ணாம்புக்காகப் பல வருஷம் பவளத்தை நாமளே வெட்டினோம். பாறைங்கிற தடுப்பு போனதும் அலை கரையைத் தொட்டுச்சு. 1969ல் சுமார் 20 ஹெக்டேர் இருந்த வான் தீவு, 2015ல் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிருச்சு. அப்புறம் அரசு கடலுக்குள்ள செயற்கைப் பாறைகளை இறக்கினது. அலையின் வேகம் குறைஞ்சு, அதுங்க மேல பவளமும் வளருது. அதுவும் ஒரு தையல்தான். உள்ளே வளர்றதுக்கு நேரம் வாங்கித் தருது.

8/ இப்ப டிஸ்சார்ஜ் சீட்டில் நானே கையால எழுதுறேன்: "6 வாரம், குழந்தையைவிட கனமான எதையும் தூக்கக் கூடாது." நடங்க, நல்லா சாப்பிடுங்க. காய்ச்சல், சீழ், சிவப்பு, புடைப்பு எது வந்தாலும் உடனே வாங்க. அதை வீட்டுக்காரர் கையில்தான் கொடுக்கிறேன். ஏன்னா அந்த 6 வாரம் குடம் தூக்க வேண்டியது அவர்.

9/ அந்த அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. போன தடவை வந்தப்ப, "அன்னைக்கே சொல்லியிருந்தா அவரைத் தூக்கச் சொல்லியிருப்பேனே டாக்டரம்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

வீட்டில் ஆபரேஷன் முடிஞ்சவங்க இருந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க.