பாறையும் பாறையைப் பற்றிய வாக்கியமும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, கடுகண்ணாவைக் கணவாயில் வளைந்து வளைந்து மேலேறும். அங்கே சாலையோரத்தில், நடுவே குடையப்பட்ட பெரும் பாறை ஒன்று நிற்கிறது. முன்பெல்லாம் வாகனங்கள் அதன் வயிற்றுக்குள் புகுந்துதான் போய்வந்தன. இன்று சாலை அதை விலகிச் செல்கிறது. உங்களில் சிலர் அதன் கீழே நின்று படமும் எடுத்திருப்பீர்கள்.

அந்தப் பாறையோடு ஒரு பழங்கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலையைத் துளைத்துக்கொண்டு வருகிறவர்களே கண்டி இராச்சியத்தை அடக்கி ஆள முடியும் என்று மலைநாட்டு மக்கள் நம்பினார்களாம். போர்த்துக்கேயர் படைகளையும், 1803இல் ஏறிவந்த ஆங்கிலேயர் படையையும் முறியடித்தவர்களுக்கு அப்படியொரு நம்பிக்கை இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனியுங்கள். கண்டி வீழ்ந்தது 1815இல். மன்னரைப் பகைத்துக்கொண்ட பிரதானிகள் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார்கள். கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டு, வேலூரில் 1832இல் காலமானார். எட்வர்ட் பார்ன்ஸ் இந்தச் சாலையை அமைக்கத் தொடங்கியதோ 1820இல். ஆக, பாறையில் துளை விழுவதற்கு முன்பே அரசு போய்விட்டது. மலை காக்கும் என்ற வாக்கியம் யாரையும் காக்கவில்லை. துளை விழுந்த பிறகோ, அதே வாக்கியம் ‘இனி நம்மால் ஆவதொன்றுமில்லை’ என்று திரும்பி நின்று சொல்லக்கூடியதாகிவிட்டது.

நாம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் வாக்கியங்களும் இத்தகையவைதாம். ‘எனக்குக் கணக்கு வராது’, ‘எனக்கு மேடையில் பேச வராது’, ‘இந்த வயதில் இனி என்ன கற்பது?’ தொடக்கத்தில் அவை நம்மைத் தோல்வியிலிருந்து காக்கின்றன. பிறகு வெளியே போகவிடாமல் வாசலில் உட்கார்ந்துகொள்கின்றன.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், மூத்தவர் ஒருவர், “தம்பி, உனக்குச் செய்தி வரும், கட்டுரை வராது” என்றார். அச்சுக்கு நேரமாகிவிட்ட ஓர் இரவில், ஒரே ஒரு தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னது. அந்த வாக்கியம் பத்து ஆண்டுகளுக்கு மேல் என்னோடு குடியிருந்தது. ஒரு வாரம் எழுத வேண்டியவர் வராததால், இடத்தை நிரப்ப நான் எழுத நேர்ந்தது. கட்டுரை சிறப்பாக அமைந்ததா என்பது வேறு விஷயம். ‘வராது’ என்பது பொய் என்று தெரிந்துபோயிற்று.

செய்தியாளன் எந்தத் தகவலையும் மூன்று கேள்விகள் கேட்காமல் அச்சுக்கு அனுப்பமாட்டான். யார் சொன்னது? எப்போது சொன்னது? அதற்குச் சான்று என்ன? ஊரார் சொல்லும் எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்கிற நாம், நம்மைப் பற்றிய செய்தியை மட்டும் சோதிக்காமலேயே வாழ்நாள் முழுவதும் வெளியிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். எல்லாத் தடையும் மனத்தடை அல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் வழி திறந்த சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களிடம் போய் ‘உன்னை நீ நம்பு, எல்லாம் மாறும்’ என்று சொல்லியிருந்தால் அது அறிவுரை ஆகாது, அவமதிப்பு. அது மெய்யான பாறை. அதைப் போராடித்தான் குடைய வேண்டியிருந்தது.

கடுகண்ணாவைத் தேநீர்க் கடை ஒன்றில் பேசிக்கொண்டிருந்த தந்தை ஒருவர், சாதாரணதரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த தம் மகளைப் பற்றிச் சொன்னார். “தோட்டத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானமெல்லாம் சரிவருமா ஐயா?” தமிழில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலை அவர்கள் தோட்டத்திலிருந்து வெகுதொலைவு. அது பாறை. ‘தோட்டத்துப் பிள்ளைக்கு’ என்பது பாறையைப் பற்றிய வாக்கியம். முதலாவதற்கு விடுதியும் பணமும் ஆசிரியரும் வேண்டும். இரண்டாவதற்கு அவை எதுவும் வேண்டாம். ஆனால் இரண்டாவது விலகாவிட்டால், முதலாவதற்கு வழி தேடவே யாரும் புறப்படமாட்டார்கள். இதைத்தான் அவரிடமும் சொன்னேன்.

தோட்டத் தொழிலுக்காக வந்த குடும்பத்தின் பேரப்பிள்ளையான முத்தையா முரளிதரனை எண்ணிப் பாருங்கள். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளர். பதினான்கு வயதளவில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொன்னதைக் கேட்டுச் சுழலுக்கு மாறினார். பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கையை அவரால் மாற்ற முடியாது. ‘நான் இன்ன வகை ஆட்டக்காரன்’ என்ற வாக்கியத்தை மாற்ற முடிந்தது. 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு விடைபெற்றபோதும் அந்த முழங்கை அப்படியேதான் இருந்தது.

ஒரு தாளை எடுத்து, ‘என்னால் முடியாது’ என்று நீங்கள் நம்பும் ஒன்றை எழுதுங்கள். பக்கத்தில் யார் சொன்னது, எந்த ஆண்டில், கடைசியாக எப்போது முயன்று பார்த்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை எழுதத்தான் பெரும்பாலோர் திணறுவார்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தால், இந்த வாரமே அதை நிரப்பப் பாருங்கள்.