பழைய குறுந்தகடும் திருத்திய பதிப்பும்

புத்தகம் படிக்கும் பழக்கமுள்ளவர்கள் எல்லோரும் ஒரு சிறு தாளை அறிவார்கள். நூல் அச்சாகி முடிந்த பின் கண்ணில் பட்ட குற்றங்களையெல்லாம் தொகுத்து, "பிழை திருத்தம்" என்று தலைப்பிட்டுக் கடைசியில் ஒட்டிவிடுவது பதிப்பாளர் வழக்கம். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேனாவும் கையுமாக நூல் முழுவதையும் திருத்திவிட்டுப் பிறகே படிக்கத் தொடங்கும் புண்ணியவான்கள் எத்தனை பேர்? மிகச் சிலரே. மற்றவர்கள் பிழையோடு படித்து, பிழையோடே மனப்பாடமும் செய்துவிடுகிறார்கள். இதற்குச் சரியான பரிகாரம், பிழைகளை அதனதன் இடத்திலேயே களைந்து மறுபதிப்பு வெளியிடுவதுதான்.

இந்த நியாயம் கணினிக்கும் பொருந்தும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த விஷயம்.

கணினி என்பது இயங்குதளம் இல்லாவிடில் வெறும் பெட்டி. அந்த இயங்குதளத்தைப் பெட்டிக்குள் பதிப்பதற்காக முற்காலத்தில் ஒரு குறுந்தகடு கொடுத்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பி என்பது 2001-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி கடைக்கு வந்தது. வெளிவந்த பின் கண்ட குறைகளை நீக்க, "ஸர்வீஸ் பேக்" என்ற பெயரில் மூன்று பெருந்திருத்தங்கள் வந்தன: முதலாவது 2002-லும், இரண்டாவது 2004-லும், மூன்றாவது 2008-லும். ஆனால் 2001-ல் வாங்கிய குறுந்தகடு 2001-லேயே நின்றுவிட்டது. அதை எப்போது போட்டாலும் அந்த ஆண்டின் குறைகள் அத்தனையும் புத்தம் புதிதாகக் கணினிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அக்குறைகள் அற்பமானவை அல்ல. 2003 ஆகஸ்டில் "பிளாஸ்டர்" என்னும் புழு உலகெங்கும் கணினிகளைத் தாக்கிற்று. அதற்கான மருந்து முந்திய மாதமே வெளியாகியிருந்தது. ஆயினும் பழைய குறுந்தகட்டால் பதித்த கணினி அந்த மருந்தைப் பெற இணையத்துக்குள் புக வேண்டும். புகுந்தால் மருந்து கைக்கு வருமுன் புழு வந்துவிடும். வைத்தியர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே வியாதி காத்திருந்தால் நோயாளி என்ன செய்வான்?

நாம் பணி புரியும் பள்ளியில் பன்னிரண்டு பழைய கணினிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நினைவகம் 512 மெகாபைட். இந்நாளைய விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிகாபைட் கேட்கிறது. பிள்ளைகள் பழகும் தட்டச்சுப் பயிற்சியும் கணக்குப் பாடங்களும் எக்ஸ்பிக்கென்றே எழுதப்பட்டவை. வீட்டில் கணினியைக் காணாத குழந்தைகள், நாற்காலிக்கு இருவராக அமர்ந்து விசைப்பலகையைத் தொட்டுப் பார்க்கும் இடம் அந்த ஓர் அறைதான்.

அவற்றில் நான்கு கணினிகளின் வன்தட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயிற்று. தலைமையாசிரியர் நம்மை அழைத்து, "ஏன் ஸார், எல்லாவற்றையும் காயலான் கடையில் போட்டுவிட்டால் என்ன?" என்றார்.

"போட்டுவிடலாம் ஸார். அதற்குப் பதில் எப்போது வரும்?" என்று கேட்டோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, உங்கள் வழியில் செய்யுங்கள்" என்றார்.

160 ஜிகாபைட் கொண்ட வன்தட்டுகள் வந்தன. ஆனால் 2001-ன் எக்ஸ்பிக்கு 137 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட இடம் கண்ணுக்கே தெரியாது. அந்தப் பார்வை முதல் ஸர்வீஸ் பேக்கோடுதான் வந்தது. ஆகவே ஒவ்வொரு கணினியிலும் பழையதைப் பதித்து, அதன்மேல் திருத்தத்தைப் போட்டு, மீண்டும் தொடங்கி, மீண்டும் திருத்துவதைக் காட்டிலும், குறுந்தகட்டையே திருத்திவிடுவதென்று முடிவு செய்தோம். இதற்கு ஆங்கிலத்தில் "ஸ்லிப்ஸ்ட்ரீமிங்" என்று பெயர். இது கள்ள வித்தையன்று. மைக்ரோஸாப்ட் நிறுவனமே ஸர்வீஸ் பேக்கில் இதற்கு வழி வைத்திருந்தது.

முறை எளிது. பள்ளிக்கு உரிமையான குறுந்தகட்டில் உள்ள அனைத்தையும் வன்தட்டில் ஒரு கோப்புறைக்குள் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஸர்வீஸ் பேக் சுமார் 316 மெகாபைட் கொண்ட ஒரே கோப்பு. முந்திய இரண்டும் அதில் அடக்கம். அதை இயக்கும் கட்டளையின் பின்னே ஒரு சாய்கோடு, "இன்டெக்ரேட்" என்ற சொல், முக்காற்புள்ளி, கோப்புறையின் முகவரி, இவ்வளவுதான் எழுத வேண்டும். உடனே அது ஒவ்வொரு பழைய கோப்பையும் தேடிப் பிடித்து, அதே இடத்தில் திருத்திய கோப்பை வைத்துவிடுகிறது. பிழை திருத்தத் தாள் தானாகவே நூலுக்குள் புகுந்து, வரி வரியாகத் திருத்திவிட்டு மறைந்து போவதைப் போல!

ஒரு நுட்பம் மட்டும் கவனிக்கத்தக்கது. கோப்புறையை அப்படியே புதிய குறுந்தகட்டில் எழுதினால் கணினி அதிலிருந்து உயிர் பெறாது. கணினியைத் தட்டி எழுப்பும் பகுதி 2,048 பைட் அளவே உள்ளது. கோப்புகளின் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பது. அதைப் பழைய குறுந்தகட்டிலிருந்து தனியே எடுத்துப் புதியதில் அமைக்க வேண்டும். அதற்கான கருவிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து 700 மெகாபைட் குறுந்தகட்டுக்குள் அடங்கிற்று.

இவ்விடத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குறுந்தகட்டை இளைக்கச் செய்கிறோம் என்று, "வேண்டாத மொழிகளை" நீக்கித் தரும் கருவிகளும் உண்டு. ஆங்கிலம் தவிர மற்றவையெல்லாம் வேண்டாதவை என்று எண்ணி அடையாளமிட்டால், நீங்கும் மொழிகளுள் தமிழும் ஒன்று. எக்ஸ்பியில் தமிழ் தானாகத் தோன்றாது. மொழி அமைப்புப் பகுதியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கு இடம் கொடு என்று நாம் சொல்ல வேண்டும். சொன்னதும் அது குறுந்தகட்டைத்தான் கேட்கும். அங்கே மொழிக் கோப்புகள் இல்லையென்றால், எத்தனை திருத்தம் செய்திருந்தும் திரையில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள்தாம் நிற்கும். சிறு இடத்தை மிச்சம் பிடிக்கப் பாஷையைக் கொடுப்பது நல்ல வியாபாரமன்று. அந்தப் பகுதியில் நாம் கை வைக்கவில்லை.

முன்னே ஒரு கணினிக்கு அரை நாள் பிடித்த வேலை, இப்போது ஒரு பாட வேளைக்குச் சற்று அதிகமாகவே பிடித்தது. இரண்டாவது கணினியிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவிகள் இருவர் தாங்களே செய்தார்கள். நாம் கைகட்டி நின்று பார்த்தோம்.

இவ்வளவு சொன்னதால் பழையதே போதும் என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. திருத்திய பதிப்பும் பழைய நூலின் பதிப்பே; புதிய நூல் ஆகாது. மூன்றாவது ஸர்வீஸ் பேக் வந்த அதே 2008-ன் இறுதியில் "கான்பிக்கர்" என்னும் புழு தோன்றிற்று. அதற்குத் தனி மருந்து வேண்டியிருந்தது. 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு எக்ஸ்பிக்கு ஆதரவே முடிவுற்றது. 2017 மே மாதம் "வான்னாக்ரை" உலகைக் கலக்கியபோது விதிவிலக்காக ஒரு மருந்து கொடுத்தார்கள். அது தர்மமே தவிர உரிமையன்று. ஆகையால் நம் பன்னிரண்டு கணினிகளுக்கும் இணையத் தொடர்பு கொடுக்கவில்லை. வங்கிக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் நடக்கும் வீட்டுக் கணினியில் இந்தக் குறுந்தகட்டைப் போடுவது அறிவுடைமையாகாது. தனித்து நின்று ஒரு தொழிலை மட்டும் செய்யும் கணினிக்கே இது உரியது.

இப்படிப்பட்ட குறுந்தகடு எவரிடமேனும் இருந்தால், அதன்மேல் இன்ன திருத்தம் இன்ன தேதியில் சேர்த்தது என்று எழுதி வையுங்கள். ஒரு நகலும் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். எழுதும் குறுந்தகடுகளுக்கு ஆயுள் குறைவு. நம் மாணவிகள் நகலின் உறைமேல் "மூன்றாம் திருத்திய பதிப்பு" என்று எழுதி, அதன் கீழே செய்முறையையும் தமிழில் எட்டு வரிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் மாற்றலாகிப் போனாலும், அடுத்த வன்தட்டு பழுதாகும்போது அந்த எட்டு வரிகள் அவ்வறையில் இருக்கும்.