காதில் மாட்டிய பாட்டு

உப்பளத்தில் எங்கள் வீட்டுக்கு ரயில் நிலையம் கூப்பிடு தூரம். 1879-ல் வந்த விழுப்புரம் பாதை அது. மீட்டர் கேஜ் நாட்களில் பெட்டியில் யாராவது ஒருவர் மடியில் டிரான்சிஸ்டர் இருக்கும். 1967-ல் புதுவை வானொலி நிலையம் வந்த பிறகும் இலங்கை வானொலிக்குத்தான் மவுசு. ஒருவர் திருக, பெட்டியே கேட்கும். ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்து, தபாலாபீசில் பணம் கட்டினோம் என்றால் என் பேத்தி சிரிக்கிறாள். (1980-களில்தான் அது ஒழிந்தது.)

போன மாதம் விழுப்புரம் போனோம். மகள் காதில் ஒரு பாட்டு, ஏழு வயதுப் பேத்தி காதில் இன்னொன்று. "கொய்யாப்பழம் வேணுமாடி?" என்று மூன்று தரம் கேட்டேன். திரும்பவே இல்லை! கழற்றிப் பார்த்தால் எனக்கே காது அடைத்தது. ரயில் இரைச்சலை மீறிக் கேட்க, விரல் தானாகச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறது.

குழந்தைகளுக்கு 75 டெசிபல், அதுவும் வாரம் 40 மணி நேரத்துக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உட்காதின் நுண்ணிய மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்காதாம். இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அடுத்தவர் பேசுவது கேட்காத அளவுக்குச் சத்தம் இருந்தால் உடனே குறைத்துவிடுங்கள்.

"பேசாம வரணும்னா வேற என்னம்மா செய்யறது?" என்றாள் மகள். நியாயம்தான். இப்போது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம் தாண்டி வளவனூர் வரும்வரை இயர்போன் பையில்தான். வீட்டிலோ, செல்போனைக் காலி எவர்சில்வர் சொம்புக்குள் நிறுத்தி வைக்கிறோம். கூடம் முழுக்கக் கேட்கிறது, பழைய ரேடியோ மாதிரியே. என்ன பாட்டு என்பதில்தான் தினமும் சண்டை.