கெரிச்சோவுக்குக் கொண்டுபோன தலைப்பு

நாங்கள் மூன்று பேர். இரண்டு பேர் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள், ஒருத்தர் யாழ்ப்பாணம். கமரா, சவுண்ட், கேள்வி கேட்கிற வேலை என்று பிரித்துக்கொண்டு நாலைந்து வருஷமாகச் சின்னச் சின்ன ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்த முறை கென்யாவுக்குப் போனோம். கெரிச்சோ என்கிற தேயிலை மலைகளுக்கு. படம் இன்னும் முடியவில்லை. எப்படித் தயாரானோம், எப்படித் தொடங்கினோம் என்பதை மட்டும் எழுதி வைக்கலாம் என்று பட்டது. ஏனென்றால் நாங்கள் தயார்படுத்திக்கொண்டு போன படம் ஒன்று, தொடங்கிய படம் வேறொன்று.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கமரா புதிதில்லை. நுவரெலியா ரோட்டில் வேன் நிற்கும். கொழுந்து எடுக்கிற அம்மாமாரை நிமிரச் சொல்வார்கள், சிரிக்கச் சொல்வார்கள். சிலர் காசு கொடுப்பார்கள், சிலர் அதுவும் இல்லை. அந்தப் படங்கள் எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியாது. எங்களில் ஒருத்தியின் அம்மாவின் முகம் எந்தெந்த நாட்டு வீடுகளில் தொங்குகிறதோ! ஆகவே "எங்களைப் போல ஆக்களை நாங்களே போய் எடுப்பம், மரியாதையா எடுப்பம்" என்பதுதான் முதல் யோசனை. கொப்பியின் முதல் பக்கத்தில் தலைப்பையும் எழுதிவிட்டோம்: 'அதே தேயிலை'.

யோசனை ஒரு இரவில் வந்தது. கடதாசி வேலைக்கு ஐந்து மாதம் பிடித்தது.

கென்யாவில் வெளிநாட்டவர்கள் நினைத்த இடத்தில் கமராவை விரிக்க ஏலாது. திரைப்பட வகைப்படுத்தல் சபையிடம் படப்பிடிப்பு உரிமம் எடுக்க வேண்டும். அதையும் நாங்கள் நேரடியாகக் கேட்க முடியாது; அங்கே பதிவு செய்த முகவர் ஒருவர் ஊடாகத்தான் விண்ணப்பிக்கலாம். அந்த முகவர் அலுவலகத்தில் வேலை செய்கிற ஓர் அக்காதான் பிறகு எங்களுடைய வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர் எல்லாமே. கதைச் சுருக்கம், ஆட்களின் விபரம், எந்த நாளில் எந்த இடம் என்று எல்லாவற்றையும் கேட்டார். சுருக்கத்தில் 'கெரிச்சோத் தொழிலாளர்களின் வாழ்க்கையும் இலங்கை மலையகத்தோடு அதற்கிருக்கும் ஒற்றுமையும்' என்று எழுதி அனுப்பினோம். அவர் வட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: "ஒற்றுமை இருக்கிறது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்களா?" நாங்கள் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

விசா கஷ்டமாக இருக்கவில்லை. 2024 ஜனவரியிலிருந்து அங்கே விசாவுக்குப் பதிலாக இணையவழிப் பயண அனுமதிதான். ஊசிதான் வேடிக்கை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போகிறதுக்கு இல்லை, திரும்பி வாறதுக்கு! கென்யாவிலிருந்து வருகிறவர்களிடம் இலங்கைதான் அந்த மஞ்சள் அட்டையைக் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியாக் குளிசை வேறு. கெரிச்சோ உயரமான இடம், அங்கே நுளம்பு குறைவு. ஆனால் விக்டோரியா ஏரிப் பக்கம் இறங்கினால் கட்டாயம் குடிக்க வேண்டும் என்றார் டொக்டர்.

ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டோம். விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள் என்று அக்கா சொன்னார். மேலேயிருந்து தேயிலையைக் காட்டாமல் ஒரு தேயிலைப் படமா என்று கமராப் பொறுப்பில் இருந்தவருக்கு இரண்டு நாள் துக்கம். பற்றரி எல்லாம் கைப்பையில். லித்தியம் பற்றரியைத் தனியாகப் பெட்டியில் போட விடமாட்டார்கள், 100 வாற்று மணிக்கு மேலே போனால் விமானக் கம்பனியின் அனுமதியும் வேண்டும். கமரா, லென்ஸ், மைக் எல்லாவற்றின் தொடரிலக்கத்தையும் பட்டியல் போட்டுக் கட்டுநாயக்கவில் சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்கினோம். இல்லாவிட்டால் திரும்பும்போது எங்கள் சொந்தக் கமராவுக்கே தீர்வை கேட்கலாம்.

கடைசி இரவு ஷொட் பட்டியலை முடித்தோம். 38 ஷொட். காலைப் பெரட்டு, கூடையோடு நடக்கிற கால்கள், கொழுந்து நிறுக்கிற தராசு, லயத்து வாசல், அழுகிற குழந்தை. இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அழுகிற குழந்தையை முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருந்தோம்.

புறப்படும்போது அம்மா ஒன்றுதான் கேட்டார்: "அங்கயும் லயந்தானா?"

"போய்ப் பாத்துட்டு சொல்றோம்மா."

நைரோபியில் இறங்கியதும் எங்களுடைய சொப்பிங் பேக்குகள் போயின. 2017 ஓகஸ்ட்டிலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. இது எங்களுக்குத் தெரியும், ஆனால் மழைக்குப் பயந்து மைக்கைச் சுற்றிக் கொண்டுவந்த பைகளை மறந்துபோனோம். வெளியே வந்தால் குளிர். ஆபிரிக்கா என்றால் வெயில் என்று யாழ்ப்பாணத்துக்காரர் மெல்லிய சேர்ட் மூன்றுதான் கொண்டுவந்திருந்தார். நைரோபி கிட்டத்தட்ட 1,800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய நுவரெலியா. மற்ற இரண்டு பேரும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தோம்.

அக்கா முதல் வேலையாக எங்கள் போனில் எம்-பெசா போட வைத்தார். 2007இல் தொடங்கிய இந்தக் கைபேசிப் பணம் இல்லாமல் அங்கே ரோட்டுக்கரையில் வாழைப்பழம் வாங்குவதும் கஷ்டம். இரண்டாவது வேலையாக ஒரு சொல் படிப்பித்தார். 'சாய்' என்றால் தேநீர். யாராவது சீருடைக்காரர் "சாய்க்கு ஏதாவது" என்று கேட்டால் அது தேநீர் இல்லை, லஞ்சம். தேயிலைப் படம் எடுக்க வந்த எங்களுக்கு இது நல்ல தொடக்கப் பாடம்தான்.

அடுத்த நாள் விடிய வெளிக்கிட்டோம். நைரோபியிலிருந்து கெரிச்சோ 260 கிலோமீற்றர் அளவில் வரும். நகரத்தைத் தாண்டியதும் லிமுரு. கென்யாவில் முதன்முதலாக 1903இல் தேயிலை நட்டது அங்கேதான். பிறகு பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. ரோட்டின் ஒரு பக்கம் நிலமே இல்லாமல் போய், மிகக் கீழே சமவெளியும் லொங்கோனொட் எரிமலையும் தெரிந்தன. கமராவை எடுக்கப் போனபோது, "இதைத்தான் எல்லாரும் எடுக்கிறார்கள்" என்றார் அக்கா. எடுத்தோம்தான். நைவாஷா, நகுரு தாண்டி மறுபடி ஏற்றம். மத்தியானம் கழிந்து ஒரு வளைவில் திரும்பியதும் தேயிலை.

ஹட்டன் ஆள் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அதே பச்சை, அதே ஈர வாசம். "நம்ம ஊருதான்டி" என்றார் ஒருத்தர். கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக மாறத் தொடங்கியது. செங்குத்து மலை இல்லை. மெல்ல ஏறி இறங்குகிற, கத்தரித்த மேசை போன்ற பரப்பு. நிழல் மரங்கள் இல்லை என்றே சொல்லலாம். வரிசையாகச் சின்ன வெள்ளை வீடுகள். எங்கோ தூரத்தில் மோட்டர் இரைச்சல். கொழுந்து பறிக்கிற இயந்திரம் என்றார் அக்கா. ஒரு இயந்திரம் பல பேருடைய வேலையைச் செய்துவிடும். 2023 மே மாதம் கெரிச்சோவில் ஆட்கள் அந்த இயந்திரங்களுக்குத் தீ வைத்தார்கள். எங்கள் பக்கம் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு வருஷக்கணக்காகப் போராடி 2021இல்தான் கிடைத்தது. இங்கே சம்பளத்துக்கு முன்னால் வேலையே இருக்குமா என்பது கேள்வி.

தோட்டத்துக்குள்ளே போக நாங்கள் கேட்டிருந்த அனுமதி ஒன்று வரவேயில்லை. அரச உரிமம் இருந்தாலும் தனியார் காணிக்குள் போக அவர்களும் சம்மதிக்க வேண்டும். எனவே முதல் நாள் வேலிக்கு வெளியே. அக்கா எங்களை ஒரு தாத்தா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிப்சிகிஸ் இனத்தவர். சின்ன வளவு, இரண்டு மாடு, கொஞ்சம் சோளம், ஒரு துண்டுத் தேயிலை. "சம்கே" என்று வணக்கம் சொன்னோம், அவருக்குச் சந்தோஷம். சுரைக் குடுவையில் புளிக்க வைத்த முர்சிக் பால் ஊற்றித் தந்தார்.

கமரா பைக்குள்ளேயே இருந்தது. எங்கள் கதையை நாங்கள் சொன்னோம்: தாத்தா பாட்டிமார் தேயிலையில், அம்மா தேயிலையில், லயத்து அறை, சொந்தமாக ஒரு முழக் காணி இல்லை. அக்கா மொழிபெயர்க்க அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அந்த மலை முதலில் யாருடையது?"

எங்களுக்குக் கேள்வி விளங்கவில்லை. வெள்ளைக்காரத் துரைமாருடையது, பிறகு அரசாங்கம், இப்போது கம்பனி என்றோம்.

"இல்லை. அதற்கு முன்."

பதில் இருக்கவில்லை. அவர் எழும்பி வாசலுக்கு வந்து, வேலிக்கு அப்பால் இருந்த தேயிலையைக் கையால் காட்டினார். தன் பாட்டனார் மாடு மேய்த்த இடம் அது என்றார். அங்கே அவர்களுடைய ஆட்களின் புதைகுழிகளும் இருக்கின்றனவாம். ஒவ்வொரு நாளும் அந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது, போக மட்டும் முடியாது.

திரும்புகிற வழியில் வாகனத்துக்குள் அக்கா மிச்சத்தைச் சொன்னார். காலனி ஆட்சி 1902இலும் 1915இலும் முடிக்குரிய காணிச் சட்டங்களைப் போட்டு இந்த நிலங்களைத் தனதாக்கிக்கொண்டது. 1920களில் பெரிய தேயிலைத் தோட்டங்கள் வந்தன. கிப்சிகிஸ் ஆட்களை வெளியே தள்ளினார்கள். தலாய் என்கிற குலத்தை 1934இல் தனிச் சட்டம் போட்டே குவாசிக்கு நாடு கடத்தினார்கள். 2022 ஓகஸ்ட்டில் இந்த இரண்டு மக்களும் பிரித்தானியாவுக்கு எதிராக ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

"அப்ப தோட்டத்துக்குள்ள வேலை செய்யிறது யார்?" என்று கேட்டோம். கிப்சிகிஸ் ஆட்களும் இருக்கிறார்கள், ஆனால் கணிசமானவர்கள் வேறு இடங்களிலிருந்து வந்த கிசி, லுவோ இனத்தவர்கள் என்றார். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு வன்முறை வெடித்தபோது இந்தத் தேயிலைப் பக்கத்திலும் 'வெளியாட்கள்' என்று சொல்லித் தொழிலாளர்களை அடித்து விரட்டினார்கள்.

வாகனத்துக்குள் ஒருவரும் பேசவில்லை. 1977, 1983 பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. நாங்கள் தேடிவந்த 'எங்களைப் போல ஆட்கள்' வேலிக்கு உள்ளே இருந்தார்கள். எங்களுக்குப் பால் ஊற்றித் தந்த தாத்தா வேலிக்கு வெளியே. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இரண்டு பக்கமும் இழப்பு இருக்கிறது. எங்கள் 38 ஷொட்டில் வேலியே இல்லை.

இதைவிடச் சங்கடமான விஷயம் இரவில்தான் வந்தது. முடிக்குரிய காணிச் சட்டம் எங்களுக்கும் தெரிந்த சட்டம். இலங்கையில் 1840இல் வந்தது. உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடிக்குரியதாக்கிக் கோப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்க அது வழிவிட்டது. கண்டிய கிராமத்து ஆட்கள் நிலம் இழந்தார்கள். அதே மலைகளுக்குத்தான் எங்கள் பாட்டன்மாரைக் கூட்டிவந்தார்கள். பறித்தது எங்கள் ஆட்கள் இல்லை. அவர்களையும் கடனிலும் பசியிலும் வைத்துத்தான் வேலை வாங்கினார்கள். 1948இல் குடியுரிமையையும் பறித்தார்கள். இதையெல்லாம் எங்கள் எல்லாப் படங்களிலும் சொல்லியிருக்கிறோம். ஆனால் "அதற்கு முன்" என்ற கேள்வியை ஒரு படத்திலும் கேட்டதில்லை. கேட்டால் எங்கள் பக்கத்து நியாயம் குறைந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். எங்களுக்குக் காணி வேண்டும் என்று கேட்கிறோம். அந்தக் கோரிக்கை சரிதான், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காத கோரிக்கையை அந்தத் தாத்தாவின் முன்னால் வைத்துப் பேச எங்களால் முடியாமல் போனதே.

இரவு ஷொட் பட்டியலைக் கிழித்தோம். அழுகிற குழந்தையும் போய்விட்டது. அம்மாவுக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டோம்: லயம் மாதிரி வரிசை வீடு இருக்கு, குளிர் நம்ம ஊர் மாதிரியேதான், பின்னேரம் ஆலங்கட்டி மழை பெய்யுது. கடைசியாக, "அம்மா, நம்ம மலை தோட்டமாகிறதுக்கு முன்னால யாரோடது?" என்றும் கேட்டோம். இலங்கை நேரம் இரண்டரை மணித்தியாலம் முன்னால், அம்மா தூங்கியிருப்பார் என்று நினைத்தோம்.

காலையில் பதில் வந்திருந்தது. "ஏன்டா, அங்க போய் இதக் கேக்குறீங்க? நம்ம அஞ்சாம் நம்பர் மலைக்குப் பழசுல ஒரு சிங்களப் பேரு இருந்திச்சு. ஆத்தா சொல்லும். ஹேன, ஹேனன்னு முடியும். முழுப் பேரு நெனவு இல்ல. கீழ நாட்டுல இருக்கிற வயசான ஆளுங்க யார்ட்டயாவது விசாரிச்சு வைக்கிறேன்."

கொப்பியின் முதல் பக்கத்தில் 'அதே தேயிலை'யை வெட்டினோம். அதன் கீழே 'ஐந்தாம் நம்பர் மலையின் பழைய பெயர்?' என்று எழுதினோம். பிறகு தாத்தா வீட்டுக்கு மறுபடி போய், கமராவை எடுக்கலாமா என்று கேட்டோம். சரி என்றார், ஆனால் வீட்டுக்குள் வேண்டாம், வேலிப் பக்கம் வாருங்கள் என்றார். ஏழு மணிக்கு முதல் ஷொட்டை அங்கே எடுத்தோம்.