மலையில் லட்டு, அடிவாரத்தில் புலுசு

அலிபிரி சோதனைச்சாவடியில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பைகள் திறந்து பார்க்கப்படுகின்றன. மது, மாமிசம், சிகரெட் எதுவும் இதற்கு மேல் போகக் கூடாது. ஏழுமலையானின் ராஜ்யம் இங்கே தொடங்குகிறது. அதே சாலையில் கீழே இறங்கி ஊருக்குள் வந்தால், பகல் பன்னிரண்டு மணிக்கு வேறொரு வாசனை மூக்கைத் துளைக்கிறது. புளியும் வெந்தயமும் மீனும் சேர்ந்து கொதிக்கும் வாசனை.

திருப்பதி என்றால் லட்டும் புளியோதரையும்தான் என்று நினைத்து வரும் தமிழருக்கு இந்தச் சின்னச் சின்ன மீன் சாப்பாட்டுக் கடைகள் ஓர் ஆச்சரியம். ஆறேழு மேஜைகள். சுவரில் மாலை போட்ட வேங்கடவன் படம். அதற்குக் கீழே தட்டில் வறுத்த வஞ்சிரம். இரண்டும் அருகருகே இருப்பதில் யாருக்கும் சங்கடம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆட்டோ ஓட்டுநர்கள், கல்லூரி மாணவர்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் என்று வாடிக்கையாளர்கள் பலவிதம். தரிசனம் முடித்து இறங்கிய பக்தர்கள் சிலரும் உண்டு.

முதல் முறை வருபவர் சாம்பாரை எதிர்பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவார். இங்கே முதலில் பப்பு, அதாவது பருப்பு. கூடவே பொடியும் நெய்யும். பிறகுதான் கதாநாயகன் வருகிறான்: சேப்பல புலுசு. நெல்லூர்க்காரர்களின் பெருமையான இந்த மீன் குழம்பில் புளியோடு மாங்காய்த் துண்டும் மிதக்கும். மீன் உடையாமலிருக்கக் கரண்டி போட்டுக் கிளற மாட்டார்கள்; சட்டியையே பிடித்துச் சுழற்றுவார்கள். இன்று வைத்ததைவிட நேற்று வைத்ததுதான் ருசி என்பது ஊரறிந்த ரகசியம்.

மொழி தெரியாதவர் பயப்பட வேண்டியதில்லை. வஞ்சிரம் இரு மொழியிலும் வஞ்சிரம்தான். இன்னும் வேண்டுமா? 'கொஞ்செம்' என்றால் போதும், நம் கொஞ்சமேதான். வயிறு நிறைந்துவிட்டதா? 'சாலு.' தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு 'சாலும்' என்ற பழைய சொல் நினைவுக்கு வரக்கூடும். தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகச் சொல்லும் வேங்கடத்தின் அடிவாரத்தில், எல்லைக்கோடு சாப்பாட்டுத் தட்டின் மேல் மட்டும் விழவில்லை.

எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சித்தூரில் இது இன்னும் தெளிவு. அங்கே சோற்றுக்குப் பதில் ராகி சங்கட்டி. வேலூர், ஆற்காட்டுப் பக்கத்து ஆட்கள் அதைப் பார்த்ததும் 'நம்ம களி' என்பார்கள். தப்பில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து 1911இல் உருவாக்கப்பட்டதுதான் சித்தூர் மாவட்டம். 1953இல் ஆந்திரம் பிறந்தபோது அது அந்தப் பக்கம் போனது. போராட்டங்களுக்குப் பிறகு 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. வரைபடம் மாறிக்கொண்டிருந்தபோதும் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பல ஊர் ஜனங்கள் கலக்கும் இடங்களில் சாப்பாடு இப்படித்தான் உருவாகிறது. ஹவாய் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஜப்பானியர், சீனர், பிலிப்பைன்ஸ்காரர் என்று பல நாட்டுக் கூலிகள் வேலை செய்தார்கள். அவர்களின் மதியச் சாப்பாட்டிலிருந்து பிறந்ததுதான் இரண்டு கரண்டி சோறும் மக்ரோனி சாலடும் கறியோ மீனோ சேர்ந்த 'பிளேட் லஞ்ச்'. அங்கே கடல் கூப்பிடு தூரம். சித்தூர் மாவட்டத்துக்கோ கடலே கிடையாது. ஐஸ் பெட்டியில் வந்து இறங்கினால்தான் கடல் மீன். இல்லாவிட்டால் ஏரி மீன், அதுவும் இல்லாவிட்டால் கிருஷ்ணா, கோதாவரிக் கரைப் பண்ணைகளின் கட்லாவும் ரோகுவும்.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. சூளூர்ப்பேட்டை, தடா, ஸ்ரீஹரிகோட்டா எல்லாம் அதில் சேர்ந்ததால், கோயில் ஊரின் மாவட்டத்துக்குத் திடீரென்று கடற்கரையும் பழவேற்காடு ஏரியும் கிடைத்தன. சித்தூருக்கு இப்போதும் கடல் இல்லை. பழவேற்காட்டிலும் எல்லாம் சுகமில்லை. கடலையும் ஏரியையும் இணைக்கும் முகத்துவாரங்கள் மணல் மூடித் தூர்ந்துபோவது மீனவர்களின் தீராத கவலை. முகத்துவாரம் அடைத்தால் கடலிலிருந்து மீனும் இறாலும் உள்ளே வருவது குறைகிறது.

இந்தக் கடைக்காரர்களின் நிஜமான கஷ்டம் காலண்டரில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் விலை ஏறிவிடும். அது கடலின் விரதம். அடுத்தது மனிதர்களின் விரதம். புரட்டாசி பிறந்தால் தமிழர்கள் கவிச்சியைத் தொட மாட்டார்கள். சென்னையிலிருந்து திருக்குடைகள் ஊர்வலமாகக் கிளம்பும் காலம் அது. பிரம்மோற்சவக் கூட்டம் மலையில் அலைமோதும். மீன் கடைக்கு அதனால் லாபமில்லை. சரி, புரட்டாசி முடிந்தது என்று மூச்சுவிடுவதற்குள் தெலுங்கர்களின் கார்த்திக மாதம் வந்துவிடும். அது அவர்களுடைய விரத மாதம்.

தமிழ்நாட்டுக் கடைக்கு ஒரு விரத மாதம். ஆந்திரத்தின் உட்பகுதிக் கடைக்கும் ஒன்று. இரு மொழிக்காரர்களுக்கும் சோறு போடும் எல்லை ஊர்க் கடைக்கு இரண்டு. பெரிய ஓட்டல் சைவச் சாப்பாட்டைக் காட்டிச் சமாளித்துவிடும். ஆறு மேஜைக் கடை முட்டையையும் பருப்பையும் வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். பரிமாறுகிறவரின் தினக்கூலியும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஆகவே முதல் முறை போகிறவர்கள் நாள் பார்த்துப் போவது நல்லது. கார்த்திக மாதம் முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை உகந்த நாள். ஆனால் நேரத்தோடு போய்விட வேண்டும். தாமதித்தால் சட்டியில் மிஞ்சுவது வெறும் குழம்புதான்.